இலவசமாக இறக்கிய பாட்டும் பக்கத்து லயத்துப் பாடகரும்

எனக்கு எழுதிய தம்பி ஒருவர் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். இலங்கை மலையகத்தில், ஹட்டனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. வீடு பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். சினிமாப் பாட்டுகளை இலவசத் தளங்களிலிருந்து இறக்கி, போனின் மெமரி சிப்பில் போட்டு, பஸ்ஸிலும் வேலை நேரத்திலும் கேட்கிறார். கொழும்பில் இருக்கும் நண்பன் மாதாமாதம் காசு கட்டிக் கேட்கிறவன். "நீ செய்வது திருட்டு" என்று சொல்லிவிட்டானாம். இவருக்குக் கோபம். "பெரிய இசையமைப்பாளருக்கு என் நூறு ரூபாவால் என்ன குறைந்துவிடும்? காசில்லாதவன் பாட்டே கேட்கக் கூடாதா?" என்று எழுதியிருக்கிறார். கடைசியில் போகிற போக்கில் இன்னொரு வரி: தங்கள் தோட்டத்து அண்ணன் ஒருவர் சொந்தமாக ஐந்து பாட்டு வெளியிட்டார், யாரோ அதை வட்ஸ்அப் குரூப்பில் போட்டார்கள், இவரும் எடுத்துக்கொண்டார். "அதுவும் இதே கணக்குத்தானே?"

பொலிஸ் பிடிக்குமா என்று அவர் கேட்கவில்லை. பிடிக்காது என்று அவருக்கே தெரியும். வசதி இல்லாததால் ஓசியில் கேட்கிறேன், இதனால் நான் கெட்டவனா என்பதுதான் அவர் மனதை அரிக்கிறது. என் பதில்: கெட்டவன் இல்லை. ஆனால் சரியான காரியமும் இல்லை, சின்னப் பிழை. அந்தத் தோட்டத்து அண்ணனின் ஐந்து பாட்டு விஷயம் அப்படியில்லை, அது வேறு கணக்கு. அவர் முன்னால் வைத்த சினிமாப் பாட்டைவிட, கடைசி வரியில் சொன்ன பாட்டுகளைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

நான் மலையகத்தில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்கிறேன். அம்மன் பாட்டு, கல்யாண வாழ்த்து, மே தினப் பாட்டு, பாடசாலைக் கீதம், தாங்களே எழுதி மெட்டுப் போட்டுக்கொண்டு வருகிற பிள்ளைகளின் பாட்டு எல்லாம் பதிவு செய்கிறோம். "அண்ணே, இந்தப் பேப்பர்ல கையெழுத்து வைக்கலாமா?" என்று ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்ததால் சட்டத்தையும் படித்து வைத்திருக்கிறேன். சட்டத்தரணி இல்லை. வழக்கு என்று வந்தால் அவர்களிடம்தான் போக வேண்டும்.

சட்டத்தில் சந்தேகம் குறைவு என்பதால் அதை முதலில் முடித்துவிடலாம். இங்கே இதை ஆள்வது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அதற்கு முன்பு 1979ஆம் ஆண்டின் 52ஆம் இலக்கச் சட்டம் இருந்தது. ஆகவே கசெட் காலத்தில் சட்டமே இல்லை என்று பெரியவர்கள் சொல்வது சரியில்லை. சட்டம் இருந்தது, யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டை எந்த அலுவலகத்திலும் பதிய வேண்டியதில்லை, உருவானவுடனே பதிப்புரிமை வந்துவிடுகிறது. எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ஆயுள் முழுவதும், இறந்த பின் 70 ஆண்டும் உரிமை உண்டு. பாடியவருக்கும் ஒலிப்பதிவைத் தயாரித்தவருக்கும் தனியாக 50 ஆண்டு. ஒரு நாட்டுப் படைப்பை மற்ற நாடுகளும் பாதுகாக்க வேண்டும் என்ற பேர்ன் உடன்படிக்கையில் இந்தியாவும் இலங்கையும் இருப்பதால் சென்னையில் உருவான பாட்டுக்கும் இங்கே பாதுகாப்பு இருக்கிறது.

சொந்தப் பாவனைக்கு ஒரு பிரதி எடுத்துக்கொள்ள 12ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. பலர் அதைக் கேள்விப்பட்டதும் நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால் சட்டப்படியான பிரதி ஒன்றிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அங்கேயே இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய சீடியைப் போனுக்கு மாற்றினால் சரி. அனுமதியில்லாமல் ஏற்றி வைத்திருக்கும் தளத்திலிருந்து இறக்கினால் இந்த விலக்கு கைகொடுக்காது. குரூப்பில் இருக்கும் இருநூறு பேருக்கு அனுப்பினால் அது சொந்தப் பாவனையே இல்லை. வேண்டுமென்றே மீறுகிறவர்களுக்கு 178ஆம் பிரிவில் 5 இலட்சம் ரூபா வரை தண்டம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நடைமுறையில் அது பாய்வது விற்கிறவர்கள் மேல்தான். பஸ்ஸில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு போகிறவரை யாரும் தேடி வரப்போவதில்லை.

சரி, திருட்டா? நண்பன் சொன்ன அர்த்தத்தில் இல்லை. நம் தண்டனைச் சட்டக்கோவையின் 366ஆம் பிரிவு திருட்டு என்று சொல்வது, ஒருவரிடம் இருக்கும் அசையும் பொருளை அவர் சம்மதமில்லாமல் நேர்மையீனமாக எடுப்பதை. பாட்டைப் பிரதி எடுத்தால் அவரிடம் இருந்தது அவரிடமே இருக்கிறது. அமெரிக்காவில்கூட 1985இல், எல்விஸ் பிரெஸ்லியின் பாட்டுகளை அனுமதியில்லாமல் தட்டாக அடித்து விற்ற ஒருவரின் வழக்கில், அந்தத் தட்டுகளைத் திருட்டுப் பொருள் என்ற சட்டத்துக்குள் கொண்டுவர முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. பதிப்புரிமையை மீறியது வேறு, பொருளைத் திருடியது வேறு என்பதுதான் அங்கே நின்ற வாதம். ஆகவே "திருடன்" என்ற பட்டத்தைத் தம்பி சுமக்க வேண்டாம். ஆனால் திருட்டு இல்லை என்பதால் பிழை இல்லை என்று ஆகிவிடாது. ஒருவருடைய உழைப்பை, அவர் வைத்த நிபந்தனைக்கு வெளியே எடுத்துக்கொண்டோம். அது எவ்வளவு பாரமான பிழை என்பது யாரிடம் எடுத்தோம், எடுத்து என்ன செய்தோம் என்பதைப் பொறுத்தது.

காசில்லாதவன் பாட்டுக் கேட்கக் கூடாதா என்ற கேள்வியை நான் அலட்சியமாக விடமாட்டேன். தோட்டத்தில் நாட்சம்பளம் 1000 ரூபாவைத் தொட்டதே 2021இல்தான். அதுவும் எத்தனை போராட்டத்துக்குப் பிறகு என்று எல்லாருக்கும் தெரியும். இந்த மக்களின் வீட்டுக்குள் பாட்டு எப்போதும் ஏதோ ஒரு இலவச வழியாகத்தான் வந்திருக்கிறது. முதலில் இலங்கை வானொலி. 1952இல் இந்தியாவில் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்து அகில இந்திய வானொலியிலிருந்து சினிமாப் பாட்டை ஓரங்கட்டியபோது, இந்தியாக்காரர்களே கொழும்பு அலைவரிசையைத் தேடித் திருப்பினார்கள். மலையில் இருந்த நமக்கு அது பக்கத்து வீட்டுக் குரல். பிறகு 1977க்குப் பின் இலங்கையில் இறக்குமதி திறந்துவிடப்பட்டது. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்களும் கசெட் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அப்புறம் ஒவ்வொரு டவுனிலும் ரெக்கோர்டிங் பார். வெற்று டீடீகே கசெட்டையும் ஒரு கொப்பித் தாளில் எழுதிய பாட்டுப் பட்டியலையும் கொடுத்துவிட்டு வந்தால் அடுத்த சம்பளத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். அறுபது நிமிடக் கசெட்டில் கடைசிப் பாட்டு பாதியில் அறுந்து நிற்கும், அந்த இடத்தில் நிற்பதுதான் பாட்டு என்று நினைத்து வளர்ந்த பிள்ளைகளும் உண்டு. கடைக்காரருக்குக் காசு போனது. பாட்டுக்காரருக்கு ஒரு சதமும் போகவில்லை. ஆனால் தலவாக்கலையில் ஒருவர் அந்தக் கசெட்டை வாங்கவே முடியாத காலத்தில், அவருக்கு விற்பனை செய்ய யாருமே வராத காலத்தில், அந்தப் பிரதியால் இழப்பு இவ்வளவு என்று எதை வைத்துக் கணக்குப் பார்ப்பது?

இன்றைக்கு அந்த வாதம் அவ்வளவு பலமாக இல்லை. இலவசமாகக் கேட்க நேர்வழி இருக்கிறது. யூடியூப் இருக்கிறது, 2021 பெப்ரவரியிலிருந்து ஸ்பொட்டிஃபை இங்கே இருக்கிறது, விளம்பரத்தைப் பொறுத்துக்கொண்டால் ஒரு சதமும் கட்டாமல் கேட்கலாம், உரிமைக்காரருக்கும் ஏதோ போகிறது. ஆனால் இதைச் சொல்லும்போது கொழும்பில் உட்கார்ந்துகொண்டு சொல்வதுபோல் சொல்லக் கூடாது. மலைச்சரிவில் இருக்கும் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், சிக்னல் பிடிக்க முற்றத்து ஓரத்துக்கு ஏற வேண்டும். ஒரே பாட்டைப் பத்துத் தடவை கேட்டால் பத்துத் தடவை டேட்டா போகும், ரீலோட் போட்ட காசு இரண்டு நாளில் கரையும். இறக்கி வைத்தால் ஒரே தடவை. மாதச் சந்தா கட்டி இறக்கி வைக்கலாம் என்றால் பெரும்பாலும் அதற்கு வங்கி அட்டை வேண்டும், வீட்டில் ஒருவரிடமும் இருக்காது. ஆகவே தம்பி இறக்கி வைப்பதற்குப் பேராசை காரணம் இல்லை, சிக்னல் காரணம். அதனால்தான் அதைச் சின்னப் பிழை என்றேன்.

"என் நூறு ரூபாவால் என்ன குறையும்" என்பதை மட்டும் நான் ஏற்றுக்கொள்ளவில்லை. தம்பி தோட்டத்துப் பிள்ளை, அம்மாவைக் கேட்டுப் பாருங்கள். கொழுந்து நிறுக்கிற இடத்தில் சாக்குக்கு என்றும் ஈரத்துக்கு என்றும் ஆளுக்கு ஒன்றிரண்டு கிலோ வெட்டுகிறவர் சொல்வதும் இதே நியாயம்தான். ஒரு கிலோவில் என்ன வந்துவிடப் போகிறது என்பார். எடுக்கிறவன் பக்கத்திலிருந்து பார்த்தால் எதுவுமே சின்னதுதான். எதிரில் இருப்பவர் பணக்காரர் என்பது நம் பிழையின் பாரத்தைக் குறைக்கலாம், பிழையைச் சரியாக்காது.

இன்னொன்று. சினிமாப் பாட்டின் காசு "பெரிய இசையமைப்பாளர்" ஒருவருக்கே போகிறது என்று நினைப்பதும் தவறு. பல ஆண்டுகள் அவருக்கே போகவில்லை. 1977இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், படத்துக்காகச் செய்த பாட்டின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், தயாரிப்பாளருக்கே என்று சொல்லிவிட்டது. பாடலாசிரியர் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்ததோடு சரி. அந்தப் பாட்டு முப்பது வருடம் ஊர் ஊராக ஓடினாலும் அவர் வீட்டுக்கு ஒன்றும் வராது. 2012இல் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். திரையரங்குக்கு வெளியே பாட்டு பயன்படும்போது வரும் ரோயல்டியில், அதாவது உரிமைப் பணத்தில், எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் சமபங்கு, அதை ஒப்பந்தம் போட்டுக்கூட விட்டுக்கொடுக்க முடியாது என்று ஆனது. பாடகர்களுக்கும் அப்போதுதான் ரோயல்டி உரிமை தெளிவாகக் கிடைத்தது. ஆகவே புதிய பாட்டுகளில் உங்கள் இலவச இறக்கம், வயதான ஒரு பாடலாசிரியரின் சிறு வருமானத்திலும் துளி கை வைக்கிறது. பின்னணியில் வயலின் வாசித்தவரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பெரும்பாலும் அவர் அன்றைய சம்பளத்தை வாங்கிக்கொண்டு அன்றைக்கே வீட்டுக்குப் போய்விட்டவர்.

யாருக்கு எவ்வளவு உரிமை என்பதில் அவர்களுக்குள்ளேயே அடிதடி உண்டு. 2017இல் எஸ்.பி. பாலசுப்ரமணியம் அமெரிக்காவில் மேடைக் கச்சேரி செய்துகொண்டிருந்தபோது, இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது, அனுமதியில்லாமல் என் பாட்டுகளைப் பாடக் கூடாது என்று. அத்தனை கால நட்பு. எஸ்.பி.பி. அதை வெளியில் சொல்லிவிட்டு, மிச்சக் கச்சேரிகளில் அந்தப் பாட்டுகளைப் பாடாமல் விட்டார். நம் ஊரில் அன்று டீக்கடை டீக்கடையாக ராஜா பேராசைக்காரர் என்று தீர்ப்பு வழங்கினார்கள். நான் அந்தப் பக்கம் இல்லை. டிக்கெட் விற்றுச் செய்யும் கச்சேரியில் பாட்டு போட்டவருக்குப் பங்கு வேண்டும் என்பது நியாயமான கேள்வி. கேட்ட விதம் எப்படி என்பது அவர்கள் இருவருக்குமான விஷயம்.

இலவச இறக்கத்தால் உண்மையில் எவ்வளவு நஷ்டம்? இங்கேதான் உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது. சொல்கிறவர்களை நம்பவும் வேண்டாம். 2007இல் ஓபர்ஹோல்ட்சர்-ஜீ, ஸ்ட்ரம்ஃப் என்ற இரண்டு பொருளியலாளர்கள், 2002இல் அமெரிக்காவில் நடந்த இறக்கங்களையும் அல்பம் விற்பனையையும் ஒப்பிட்டு, விற்பனையில் பாதிப்பு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை என்று எழுதினார்கள். ஸ்டான் லீபோவிட்ஸ் என்ற இன்னொரு பொருளியலாளர் அந்தக் கணக்கையே கடுமையாகக் குறை சொன்னார். பின்னால் வந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை ஓரளவு நஷ்டம் உண்டு என்ற பக்கமே சாய்கின்றன. எவ்வளவு என்பதில் ஒற்றுமை இல்லை. ஒன்று மட்டும் நிச்சயம்: இறக்கிய ஒவ்வொரு பாட்டும் விற்காமல் போன ஒரு பாட்டு என்ற கம்பெனிக் கணக்கு பொய். தம்பி ஒரு சிப்பில் இரண்டாயிரம் பாட்டு வைத்திருக்கலாம். அத்தனையையும் காசு கொடுத்து வாங்கியிருப்பாரா என்ன?

காசு கட்டுகிற நண்பனுக்கும் ஒரு சின்னச் செய்தி. அவர் கட்டும் சந்தா, அவர் கேட்ட பாடகருக்கு அப்படியே போய்ச் சேர்வதில்லை. ஸ்பொட்டிஃபை போன்ற இடங்களில் எல்லாருடைய காசும் ஒரே குட்டையில் விழுகிறது, அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உரிமைக்காரர்களுக்கு, மொத்தமாக யாருடைய பாட்டு எவ்வளவு ஓடியது என்ற விகிதத்தில் பிரிகிறது. மாதம் முழுக்க அவர் ஒரு மலையகப் பாடகரை மட்டுமே கேட்டாலும் பெரும்பங்கு உலகப் பிரபலங்களுக்குத்தான் போகும். 2024இலிருந்து இன்னொரு விதி: பன்னிரண்டு மாதத்தில் 1000 தடவையாவது ஓடாத பாட்டுக்கு அங்கே ரோயல்டியே கிடையாது. ஆகவே காசு கட்டியதாலேயே கலைஞனை வாழவைக்கிறேன் என்று அவர் நெஞ்சை நிமிர்த்தவும் வேண்டாம். சட்டத்துக்குள் நிற்கிறார், அவ்வளவுதான்.

இறக்குகிற தளத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும், பலர் கவனிப்பதில்லை. தம்பி சிப்பில் இருக்கும் ஒரு பாட்டின் விவரத்தைத் திறந்து பாருங்கள். பாடியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தளத்தின் முகவரி இருக்கும். அல்பம் பெயருக்குப் பின்னால் தளத்தின் முகவரி. படத்துக்கு மேல் தளத்தின் முத்திரை. பாடலாசிரியர் பெயர் எங்கேயும் இருக்காது. சட்டத்தின் 10ஆம் பிரிவு, காசுக்கு அப்பால், படைத்தவருக்குத் தன் பெயரைச் சொல்லிக்கொள்ளும் உரிமையைக் கொடுக்கிறது. உரிமையை வேறொருவருக்கு விற்றாலும் அது அவரோடே இருக்கும். இந்தத் தளக்காரர்கள் முதலில் பிடுங்குவது அதைத்தான். அப்புறம் சூதாட்ட விளம்பரத்தைக் காட்டி உங்கள் ஒவ்வொரு கிளிக்குக்கும் காசு பார்க்கிறார்கள். பாட்டு உங்களுக்கு இலவசம், அவர்களுக்கு வியாபாரம். தம்பி இந்தக் கணக்கில் யார் மேலாவது கோபப்பட வேண்டும் என்றால் இங்கே படலாம்.

இனி அந்த அண்ணனின் ஐந்து பாட்டு. அவர் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவரைப்போல் என்னிடம் வருகிறவர்களைத் தெரியும். பகலில் வேலை, பதிவு இரவில். நம் கூடத்தின் கூரை தகரம். உள்ளே சீலிங் அடித்து, பழைய கம்பளியைச் சுவரெங்கும் தொங்கவிட்டிருக்கிறோம், இருந்தாலும் மழை பிடித்தால் மைக்கை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். தென்மேற்குப் பருவம் தொடங்கினால் ஒரு பல்லவிக்கு ஒரு இரவு போகும். பாடுகிறவர் சால்வையைப் போர்த்திக்கொண்டு, பிளாஸ்க்கில் கொண்டுவந்த பிளேன்டீயைக் குடித்துக்கொண்டு, மழை விட்டுவிட்டதா என்று கதவைத் திறந்து திறந்து பார்ப்பார். விட்டதும் குரல் கட்டிக்கொண்டிருக்கும். கீபோர்ட்காரருக்குக் காசு, தபேலாவுக்குக் காசு, மிக்ஸிங்குக்கு எனக்குக் காசு. யூடியூபுக்கு வீடியோ இல்லாமல் முடியாது, கெமராக்காரருக்குக் காசு. இவ்வளவும் சீட்டுப் பிடித்த பணமாகவோ மனைவியின் நகையாகவோதான் இருக்கும். அடகுக் கடைத் துண்டை பர்ஸிலிருந்து எடுத்துக் காட்டிவிட்டு, மிச்சத்தை அடுத்த மாதம் தருகிறேன் என்று சொன்னவர்கள் உண்டு.

அந்தப் பாட்டிலிருந்து அவருக்குத் திரும்பி வரும் வழிகளை எண்ணிப் பாருங்கள். யூடியூபில் விளம்பரக் காசு வர 1000 சந்தாதாரர் வேண்டும், பன்னிரண்டு மாதத்தில் பொதுவாகக் காட்டும் வீடியோக்களுக்கு 4000 மணிநேரப் பார்வை வேண்டும், அல்லது குறும்வீடியோவில் 90 நாளில் ஒரு கோடிப் பார்வை வேண்டும். ஸ்பொட்டிஃபையின் 1000 ஓட்டக் கணக்கை மேலே சொன்னேன். இப்போது அவர் பாட்டை ஒருவர் வட்ஸ்அப்பில் கோப்பாகப் போட்டுவிடுகிறார். ஊரே கேட்கிறது, கல்யாண வீட்டில் போடுகிறார்கள், த்ரீவீலில் ஓடுகிறது. அவருடைய யூடியூப் பக்கத்தில் எண்ணிக்கை மட்டும் முந்நூறில் நிற்கிறது. சினிமாப் பாட்டில் தம்பியின் ஓட்டம் கோடியில் ஒன்று. இங்கே ஊரே அந்தப் பக்கத்தில் போய்க் கேட்டிருந்தால் அவர் எல்லைக் கோட்டுப் பக்கம் கொஞ்சமாவது நகர்ந்திருப்பார். ஒரே செயல்தான், ஒரே கோப்புதான், ஆனால் இந்த இடத்தில் அது ஒருவர் அடுத்த பாட்டைச் செய்வாரா மாட்டாரா என்பதைத் தீர்மானிக்கிறது. சட்டம் இரண்டையும் ஒரே தராசில் வைக்கிறது. நான் வைக்கமாட்டேன்.

அவரால் வழக்குப் போட முடியுமா என்றால், முடியும் என்பது ஏட்டில். இழப்பீடு கேட்டுப் போவதென்றால் கொழும்பு வணிக மேல் நீதிமன்றம். பஸ் காசு, சட்டத்தரணி காசு, வேலை நாள் இழப்பு. நகையை அடகு வைத்துப் பாட்டுப் போட்டவர் எதை வைத்து வழக்குப் போடுவார்? பெரிய கம்பெனிக்கு யூடியூபிலிருந்து ஒரு பாட்டை நீக்கச் செய்யத் தானாக இயங்கும் கருவி இருக்கிறது. இவருக்கு இருப்பது ஊர்க்காரர்களின் மனச்சாட்சி மட்டும்தான். அதனால்தான் தம்பியின் இரண்டாவது கேள்வி முதலாவதைவிடப் பெரியது.

இதைவிட மோசமான ஒன்றும் நடக்கிறது, கேள்வியில் இல்லாவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். தோட்டங்களில் தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, காமன் கூத்துப் பாட்டு பாடத் தெரிந்த பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். இந்தப் பாட்டுகளைச் சேர்த்து அச்சில் கொண்டுவர மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் பாடுபட்டார்கள். இப்போது போன் வைத்திருக்கிற யாரும் வருகிறார்கள். லயத்து வாசலில் பாட்டியை உட்காரவைத்துப் பாடச் சொல்லிப் பதிவு செய்து, கீழே ஒரு டிரம்ஸைப் போட்டு, தங்கள் பெயரில் ஏற்றுகிறார்கள். இசை யார், தயாரிப்பு யார், எடிட்டிங் யார், நன்றி யாருக்கு, எல்லாம் ஓடும். பாடியவர் பெயர் மட்டும் இருக்காது. மிஞ்சினால் "ஒரு மலையகத் தாய்". நாட்டார் பாட்டுத்தானே, யாருக்கும் சொந்தமில்லையே என்பார்கள். பாதி உண்மை. மெட்டுக்கும் வரிக்கும் தனிச் சொந்தக்காரர் இல்லாமல் இருக்கலாம். ஆனால் நம் சட்டத்தில் நாட்டார் கலையைப் பாடுகிறவரும் கலைஞர்தான். அவர் குரலை அவர் சம்மதமில்லாமல் பதிவு செய்ய முடியாது. நாட்டார் வெளிப்பாடுகளுக்கென்றே 24ஆம் பிரிவும் இருக்கிறது, எந்தச் சமூகத்திடமிருந்து, எந்த இடத்திலிருந்து வந்தது என்று குறிப்பிட வேண்டும் என்று அது சொல்கிறது. அதைக் கேட்டு யாரும் நீதிமன்றப் படியேறியதை நான் பார்த்ததில்லை.

எல்லாருக்கும் பொதுவான பாட்டு என்றால் பெயரைத் தூக்கி எறிய வேண்டும் என்று இல்லை. பாரதியார் பாட்டு இருக்கிறதே. அதன் ஒலிப்பதிவு உரிமை ஒரு காலத்தில் படத் தயாரிப்பாளர் ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. 1949இல் சென்னை அரசு பாரதியின் உரிமைகளை எடுத்துக்கொண்டது, 1955இல் எல்லாருக்கும் பொதுவாக்கியது. அன்றிலிருந்து யார் வேண்டுமானாலும் பாடலாம், அச்சடிக்கலாம், விற்கலாம், ஒருவருக்கும் சதம் கொடுக்க வேண்டாம். ஆனால் பாரதி பெயரை விட்டுவிட்டுப் பாடியவர்கள் உண்டா? நம் பாட்டிமாருக்கு அந்த மரியாதையில் பத்தில் ஒன்று கிடைத்தால் போதும்.

ஆகவே தம்பி, செய்யக்கூடியதைச் சொல்கிறேன். சிப்பில் இருக்கும் சினிமாப் பாட்டை அழித்துவிட்டுத் தவம் செய்யுங்கள் என்று சொல்லமாட்டேன். சிக்னல் இருக்கும் டவுனில் நேர்வழியில் கேளுங்கள், வை-ஃபை கிடைக்கும் இடத்தில் இன்னும் நல்லது. வீட்டுக்கு இறக்கி வைத்ததை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள், காசுக்கு யாருக்கும் அடித்துக் கொடுக்காதீர்கள். அப்பாவின் பழைய கசெட்டுகள் வீட்டில் இருந்தால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம், தூக்கிப் போடவும் வேண்டாம். அவற்றில் சில, வேறெங்கும் கிடைக்காத வானொலி நிகழ்ச்சிகளாக இருக்கலாம்.

அந்த அண்ணனிடம் நேரில் போங்கள். உங்கள் தோட்டம்தானே. பாட்டு கேட்டேன், நன்றாக இருந்தது, குரூப்பில் வந்ததை எடுத்தேன், இந்தாருங்கள் என்று ஒரு சீடியின் விலையைக் கையில் கொடுங்கள். வாங்கமாட்டேன் என்றால் வற்புறுத்துங்கள், இரண்டாம் தடவை வாங்கிக்கொள்வார். பிறகு குரூப்பில் அவருடைய யூடியூப் இணைப்பைப் போடுங்கள். கோயில் திருவிழாவில் ஸ்பீக்கர் கட்டுகிறவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருப்பார். அந்த அண்ணனின் பாட்டைப் போடும்போது எழுதியவர் பெயரையும் பாடியவர் பெயரையும் மைக்கில் சொல்லிவிட்டுப் போடச் சொல்லுங்கள். கோப்பை முதலில் குரூப்பில் போட்டவர் யார் என்று தெரிந்தால் அவரிடம் அழிக்கச் சொல்லுங்கள். சண்டை வேண்டாம், அவர் அந்த அண்ணனுக்கு விளம்பரம் செய்வதாக நினைத்துத்தான் போட்டிருப்பார்.